வண்டியைக் கையில் கொடுக்கும் முன் கிரீஸ் வையுங்கள்: மோட்டார்சைக்கிள் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் 125 முதல் 200 சிசி வரையிலான சிக்கன விலை மோட்டார்சைக்கிள்களைத் தருவித்து விற்கும் முகவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

இந்த வண்டிகளைப் பட்டறையில் கழற்றி மாட்டுபவர்களும், அவற்றிலேயே வேலைக்குப் போய்வருபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். புது வண்டியை ஒப்படைக்கும் முன், துரு பிடிக்கும் இடங்களைத் திறந்து பாருங்கள். கிரீஸ் வைத்து மூடிக் கொடுங்கள். பழகிய கைக்கு இது அரை நாள் வேலை. அந்த அரை நாளை மிச்சம் பிடிப்பதால் வரும் செலவு, நான்காம் ஐந்தாம் ஆண்டில் பல மடங்காகி ஓட்டுநர் தலையில் விடிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எஞ்சின்கள் மீது எங்களுக்குக் குறை இல்லை. நேரத்துக்கு எண்ணெய் மாற்றினால் இந்தச் சிறிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் நன்றாகவே உழைக்கின்றன. கெடுவதெல்லாம் எஞ்சினைச் சுற்றியுள்ளவை: போல்ட், அச்சு, பேரிங், ஒயர் இணைப்பு, டேங்க், புகைக்குழாய். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் தொழிற்சாலை முதலில் கை வைப்பது முலாமின் தடிமனிலும் கிரீஸின் அளவிலும்தான். இரண்டுமே ஷோரூமில் கண்ணுக்குத் தெரியாதவை.

வேறு ஊர்களில் இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். இங்கே அப்படி விட முடியாது. வண்டி வைத்திருக்க உரிமை தரும் சிஓஇ சான்றிதழை 10 ஆண்டுக்கு வாங்குகிறோம். 2022ல் மோட்டார்சைக்கிளுக்கான டி பிரிவுச் சான்றிதழ் 10,000 வெள்ளியைத் தாண்டியது. பல சிறிய வண்டிகளுக்கு, வண்டியின் விலையைவிடச் சான்றிதழின் விலை அதிகம். ஐந்தாம் ஆண்டில் வண்டியைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்குவது உணவு விநியோகம் செய்பவருக்கோ ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கோ கட்டுப்படியாகாது. சான்றிதழ் 10 ஆண்டு என்றால் வண்டியும் 10 ஆண்டு நின்றாக வேண்டும்.

போல்ட்டின் மேலுள்ள துத்தநாக முலாமை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் அரிப்புத் தன்மையை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரநிலைப்படி, அரிப்பு அதிகமுள்ள சி4 வகைக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை கரையும். துவாஸ், ஜூரோங் தீவு, பாசிர் பாஞ்சாங் போல உப்புக் காற்றும் ஆலைப் புகையும் கலந்த இடங்களில் நாள் முழுக்க வெளியே நிற்கும் வண்டிக்கு இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 5 மைக்ரான் முலாம் பூசிய போல்ட் அங்கே இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது. மோசமான நிலையில் 14 மாதத்தில் வெறும் இரும்புதான் மிஞ்சும். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கூரைக்குக் கீழ் நிறுத்தினாலும் இடுக்கில் தங்கிய ஈரம் சீக்கிரம் காய்வதில்லை.

இனி, திறந்து பார்க்க வேண்டிய இடங்கள். முதலிடம் ஸ்விங் ஆர்ம் பிவட் போல்ட்டுக்கு. பின்சக்கரத்தைத் தாங்கும் கையைச் சட்டத்தோடு இணைக்கும் நீண்ட போல்ட் இதுதான். பல வண்டிகளில் இது புஷ்ஷுக்குள் இருக்கும் எஃகுக் குழாய் வழியாக நுழைந்து மறுபக்கம் வருகிறது. தொழிற்சாலையில் இதற்குக் கிரீஸே வைக்காமல் தள்ளிவிடுவது அடிக்கடி பார்க்கும் காட்சி. வைத்தாலும் நுனியில் ஒரு தடவல்தான். பின்சக்கரம் வாரி இறைக்கும் மழைநீர் சட்டத்துக்கும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இறங்கி, போல்ட்டையும் குழாயையும் ஒன்றாகப் பிடிக்க வைக்கிறது. துரு பிடித்த இரும்பு பருக்கும் என்பதால், பிறகு சுத்தியலால் அடித்தாலும் அசையாது, தீ காட்டினாலும் அசையாது. கடைசியில் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். போல்ட், புஷ், குழாய் மூன்றும் போய்விடும்; சில நேரம் ஸ்விங் ஆர்மும் கூடவே போகும். புது வண்டியில் அதே போல்ட்டை உருவி, துடைத்து, நீர் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸை நீளம் முழுக்கப் பூசித் திரும்பச் செலுத்த 15 நிமிடம் போதும். பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் இதே வேலைதான்.

அடுத்தது ஹேண்டில் தலையிலுள்ள ஸ்டீயரிங் பேரிங். சிக்கன வண்டிகளில் இவை பெரும்பாலும் தனித்தனி எஃகுக் குண்டுகள். கீழ்க் கிண்ணத்துக்கு முன்சக்கரத்தின் தண்ணீர் நேராக வந்து அடிக்கிறது. கிரீஸ் கழுவிப் போனதும் குண்டுகள் நடுநிலையிலேயே அடிபட்டுக் கிண்ணத்தில் குழி விழும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு பிடிப்பு தட்டுப்பட்டால் குழி விழுந்துவிட்டது. அதற்கு மேல் கிரீஸ் வைத்துப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும்.

சக்கர பேரிங்கில் நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை, ஆனால் பலன் பெரிது. உதாரணமாக 6301 அளவுள்ள பேரிங் (உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர்) பல சிறிய வண்டிகளின் சக்கரத்தில் வருகிறது. ஒரு பக்கம் மட்டும் மூடியதோ, உலோகத் தகடு மூடியதோ வந்திருந்தால், இருபக்கமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையை மாற்றிப் போடுங்கள். விலை வித்தியாசம் சில வெள்ளிதான்.

பெட்ரோல் டேங்க் மூடியைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கவனிப்பதில்லை. டேங்கின் மேற்பரப்போடு சமமாகப் பதிந்திருக்கும் மூடிகளில், மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மழைநீர் அதில் இறங்கி, ஒரு மெல்லிய குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். தூசியும் இலைத்துணுக்கும் அதை அடைத்துவிட்டாலோ, டேங்கைக் கழற்றி மாட்டியவர் குழாயை மடங்கிய நிலையில் விட்டுவிட்டாலோ, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ரப்பரைத் தாண்டி டேங்குக்குள் கசியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்பின் வடிகட்டியும் அதே அடிப்பகுதியில்தான் இருக்கிறது. மழைக்கு மறுநாள் வேகம் பிடிக்கும்போது எஞ்சின் திணறும். நாளடைவில் அடித்தையல் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை விழும். துருப்பொடி பம்பைத் தின்றுவிடும். சோதிப்பது எளிது: மூடியைப் பூட்டிவிட்டு, பள்ளத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சில நொடிகளில் கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நைலான் நரம்பை விட்டு அடைப்பை எடுங்கள். கம்பியை விடாதீர்கள், குழாய் கிழியும்.

மின்சாரப் பக்கம் பாதிப் பழுதுகள் மண்ணிணைப்பில் (எர்த்), அதாவது பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் சட்டத்தோடு சேரும் இடத்தில், தொடங்குகின்றன. சட்டத்தில் பெயின்ட் மேலேயே ரிங் டெர்மினலை வைத்து முறுக்கியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்ட்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுரண்டி, ஈரம் புகவிடாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசிக் கட்ட வேண்டும். சார்ஜர், கேமரா, இப்போது மின்னியல் சாலைக் கட்டணத்துக்கான (இஆர்பி) வாகனக் கருவி என்று ஒவ்வொன்றாக ஒயரில் சேர்கின்றன. ஒயரின் தோலைக் குத்திக் கடிக்கும் கிளிப்பை அங்கே போடாதீர்கள். அந்தக் குத்தலில் நுழையும் தண்ணீர் செம்பு இழைகளுக்குள் ஊர்ந்து பச்சை பூத்துவிடும். பழுது எங்கே என்று தேடவே மணிக்கணக்காகும். சாலிடர் வைத்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டால் போதும்.

கையில் கிடைத்த போல்ட்டையெல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுவதும் தீர்வல்ல. ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 தர எஃகுக்கு 800. பிரேக் டிஸ்க்கிலும் அச்சிலும் சோதனை செய்யாமல் மாற்றக்கூடாது. அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போட்டு, உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். மூடிகளுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் ஸ்டெயின்லெஸ் போடலாம், மரையில் அரிப்புத் தடுப்புப் பசை தடவி. எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் வரை போதும்; பசை தடவியிருந்தால் அதையும் சற்றுக் குறைக்க வேண்டும், இல்லையேல் அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும். பாரம் தாங்கும் போல்ட்டுகளுக்கு துத்தநாகச் செதில்கள் கலந்த ஸிங்க் ஃப்ளேக் பூச்சோ குறைந்தது 12 மைக்ரான் முலாமோ வேண்டும் என்று தொழிற்சாலையிடம் நீங்கள்தான் கேட்க முடியும். நூற்றுக்கணக்கில் வாங்குபவர் நீங்கள். ஒற்றை வண்டி வாங்குபவரின் பேச்சு அங்கே எடுபடாது.

ஓட்டுநர்களும் சும்மா இருக்கக்கூடாது என்பதை ஏற்கிறோம். சங்கிலிக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் நனைந்த பிறகும் எண்ணெய் விட வேண்டும். பிரேக் திரவத்தை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் குடித்த பின் 155 வரை இறங்கும். நனைந்த வண்டியை உடனே உறை போட்டு மூடக்கூடாது. பேரிங் மீதும் ஒயர் மீதும் உயரழுத்தத் தண்ணீர் பீய்ச்சக்கூடாது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில், தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் அச்சிட்டு வண்டியோடு கொடுங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “துருவுக்குப் பொருந்தாது” என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறீர்கள். பெயின்ட் மங்குவதும் ஸ்விங் ஆர்ம் உள்ளே இறுகுவதும் ஒன்றல்ல. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம், முதல் 6 மாதத்தில் தெரியவரும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்கிறது. கிரீஸ் வைக்காத போல்ட் 6 மாதத்தில் காட்டிக்கொடுக்காது. அது வெளிப்படும்போது நிரூபிக்கும் சுமை வாங்கியவர் மேல் விழுகிறது. அதனால்தான் ஒப்படைப்புத் தாள் ஒன்று கேட்கிறோம். பிவட் போல்ட், இரு அச்சுகள், ஸ்டீயரிங் பேரிங், பிரேக் கேலிப்பர் நகரும் ஊசிகள், டேங்க் வடிகால், மண்ணிணைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே மெக்கானிக்கின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். அந்தத் தாள் இருந்தால் பராமரிக்காத ஓட்டுநரின் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து உங்களுக்கும் பாதுகாப்பு.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆண்டுச் சோதனை மூன்றாம் ஆண்டுக்குப் பிறகே தொடங்குகிறது. அதற்குள் உள்ளே பிடிக்க வேண்டியது பிடித்துவிடும். சோதனை நிலையத்தில் பிவட் போல்ட்டை யாரும் உருவிப் பார்ப்பதுமில்லை. அதைப் பார்க்கக் கூடிய இடத்தில் இருப்பவர்கள், பெட்டியைப் பிரித்து வண்டியைப் பூட்டுகிற உங்கள் ஆட்கள்தான்.

கடைசியாக உதிரிபாகம். பிவட் போல்ட், அச்சு, ஸ்பேசர், ஸ்டீயரிங் கிண்ணம், டேங்க் மூடி ரப்பர் ஆகிய இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைக்காதீர்கள். வண்டி நின்ற நாளெல்லாம் அதை நம்பிப் பிழைப்பவருக்கு வருமானம் இல்லாத நாள். விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் அதன் சிஓஇ முடியும்வரை இவற்றைக் கையிருப்பில் வையுங்கள். அடுத்த சரக்கு துறைமுகத்தில் இறங்கும் முன் ஒப்படைப்புத் தாளை முடிவு செய்துவிடலாம். உங்கள் பணிமனைக்கு வந்து உங்கள் மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து, மாடல் வாரியாக அதை எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மோட்டார்சைக்கிள் பழுதுபார்ப்பவர்களும் ஓட்டுநர்களும் சிலர்
சிங்கப்பூர்