பிக்கப் வண்டி பண்ற கம்பெனிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்: லோடு ஏத்துனா எவ்ளோ மைலேஜ் குடுக்கும், அதை சொல்லுங்க

வணக்கம். இன்ஜின் டிசைன் பண்றவங்களுக்கும் சேத்து, ப்ரோஷர் எழுதுறவங்களுக்கும் சேத்துதான் இதை எழுதுறேன், ஏன்னா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டதே கிடையாதோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

என்கிட்ட இருக்குறது டீசல் டபுள் கேப், ஆட்டோமேட்டிக், 6 வருஷம் ஆச்சு, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, சொன்னா மத்தவங்க எல்லாம் "அது அவங்க பிரச்சனைப்பா"ன்னு ஒதுங்கிடுவீங்க. வண்டி வாங்குன முதல் நாள்லேருந்து ஒரு நோட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஃபுல் டேங்க், கன் தானா கட் ஆனதும் நிறுத்திருவேன், அதுக்கு மேல அமுக்கி அமுக்கி ஊத்த மாட்டேன், ஓடுன கிலோமீட்டர், போட்ட லிட்டர், காலியா போனேனா லோடோட போனேனா, அவ்ளோதான் எழுதுவேன். அந்த நோட்டு சொல்றது இது: காலியா லிட்டருக்கு 11.6 கிலோமீட்டர், முக்கால் லோடு ஏத்துனா 9.1, பின்னால பெட்டி மாதிரி டிரெய்லர் மாட்டுனா 6 சொச்சம். உங்க ப்ரோஷர் சொன்னது 14. டேஷ்போர்டுல வர்ற கணக்கு நோட்டை விட எப்பவும் முக்கால் கிலோமீட்டர் கூடவே காட்டும், அது பாவம் டீசல் பீய்ச்சுற இன்ஜெக்டர் எவ்ளோ நேரம் தொறந்திருந்துச்சுன்னு பாத்து கணக்கு போடுற மெஷின், அதை விடுங்க.

14ங்கறது பொய்யின்னு நான் சொல்ல வரல. நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஐரோப்பால 2017லேருந்து நடக்குற டபிள்யூஎல்டிபி டெஸ்ட், 30 நிமிஷம், 23 கிலோமீட்டர் சொச்சம், ரோலர் மேல நிறுத்தி ஓட்டுறது, நடுவுல 131 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் போகுது, அந்த வகையில முன்னாடி இருந்த பழைய டெஸ்டை விட எவ்ளவோ பரவால்ல. ஆனா அந்த டெஸ்டுல ஏசி ஓடாது. அப்புறம் லோடு. டிரைவரையும் கொஞ்சம் சாமானையும் கழிச்சிட்டு வண்டி இன்னும் எவ்ளோ தாங்குமோ அதுல சரக்கு வண்டிக்கு 28 சதவீதம் வெச்சு டெஸ்ட் பண்றாங்க. 28 சதவீதம்! ஒரு டன் ஏத்துற வண்டின்னு பெருமையா பேரு, மைலேஜ் பாக்கும்போது மட்டும் கால் டன் சொச்சம். அமெரிக்கால இன்னும் வேடிக்கை. சாதாரண பிக்கப்புக்கு லேபிள் உண்டு, 2008 மாடல்லேருந்து வேகமா ஓட்டுறது, வெயில்ல ஏசி போட்டு ஓட்டுறது, குளிர்ல ஸ்டார்ட் பண்றது எல்லாம் சேத்து அஞ்சு வகை டெஸ்ட் வெச்சு நம்பர் போடுறாங்க, நல்ல விஷயம், ஆனா மொத்த எடை 8,500 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 3,850 கிலோவுக்கு மேல போற பெரிய பிக்கப்புக்கு அந்த மைலேஜ் லேபிளே தேவையில்ல. யாரு அதிகமா எரிபொருள் குடிக்குறாங்களோ அவங்களை மட்டும் கேள்வி கேக்கக் கூடாது போல.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, உங்களால முடியாதுன்னு இல்ல. டிரெய்லர் இழுக்குறதுக்கு எஸ்ஏஇங்கற வாகன இன்ஜினியர்கள் சங்கம் வகுத்த ஜே2807ன்னு ஒரு டெஸ்ட் முறை இருக்கு, அரிசோனால டேவிஸ் டேம்ங்கற இடத்துல 18 கிலோமீட்டர் மேடு, முழு லோடு, கொளுத்துற வெயில், ஏசி ஃபுல்லா, வேகம் 64 கிலோமீட்டருக்கு கீழ இறங்கக் கூடாது. பின்னால பக்கத்துக்கு ஒத்தை வீல் இருக்குற பிக்கப்புக்கு அந்த வேக நிபந்தனை. அந்த மேட்டுல ஏறி காமிச்சாதான் இவ்ளோ டன் இழுக்கும்னு எழுதலாம். சரி, ஏறிட்டீங்க, சந்தோஷம். ஏறும்போது எத்தனை லிட்டர் குடிச்சுதுன்னு உங்க இன்ஜினியர் லேப்டாப்புல இருக்குமே, அதை ஏன்யா ப்ரோஷர்ல போட மாட்டேங்குறீங்க?

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்னு வெச்சுக்குங்க. காலி வண்டி மைலேஜுக்குப் பக்கத்துல முழு லோடு மைலேஜ். டிரெய்லர் இழுக்கும்னு விளம்பரம் பண்ணா மூணாவதா டிரெய்லர் மைலேஜ். சின்னக் காருக்கு இது அவ்ளோ முக்கியம் இல்ல, பிக்கப்புக்கு ரொம்ப முக்கியம், கணக்கு பாருங்க. லிட்டருக்கு 16 குடுக்குற கார் 18 ஆனா 100 கிலோமீட்டருக்கு மிச்சம் 0.7 லிட்டர். 8 குடுக்குற பிக்கப் 10 ஆனா மிச்சம் 2.5 லிட்டர். அதே ரெண்டு கிலோமீட்டர்தான், மைலேஜ் கம்மியா இருக்குறவனுக்கு மிச்சம் மூணு மடங்குக்கு மேல.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, மறைக்க மாட்டேன். பிக்கப் வெச்சிருக்குற நாலு பேர் சேந்தா ஒருத்தர் கண்டிப்பா "எனக்கு 16 குடுக்குது"ம்பாரு, கேட்டா ஒரு தடவை இறக்கத்துல வந்தப்ப டேஷ்போர்டுல பாத்ததா இருக்கும். இன்னொருத்தர் அழகா இருக்குன்னு பெரிய டயர் மாட்டிட்டு மைலேஜ் விழுந்துருச்சுன்னு உங்களை திட்டுவாரு. அந்த டயர் கனம், காட்டு டயரா இருந்தா உருள்ற தடையும் அதிகம், அதெல்லாம் நெஜம், ஆனா டயர் சுத்தளவு 5 சதவீதம் கூடுனா ஓடோமீட்டர் அந்த 5 சதவீதத்தை கம்மியா எண்ணும், அதை யாரும் கணக்குல சேக்குறதில்ல. 80ல போறதை விட 110ல போனா காத்துத் தடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதைச் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, ஆனா டெயில்கேட்டை, அதான் தொட்டியோட பின் கதவை, தொறந்து போட்டா காத்து சர்ருன்னு போயிரும் மைலேஜ் ஏறும்னு சொன்னா உடனே நம்புவாங்க. மூடியிருந்தாத்தான் தொட்டிக்குள்ள காத்து ஒரு சுழலா நின்னு மேல வர்ற காத்தை வழுக்கிவிடும், தொறந்தா அந்த சுழல் கலைஞ்சிரும். நானே ஒரு மாசம் தொறந்து போட்டு ஓட்டுனேன், நோட்டுல ஒரு மாத்தமும் இல்ல, ஒரு தார்ப்பாய் பறந்து போனதுதான் மிச்சம்.

சரி மைலேஜ் விடுங்க. அதை விட பெரிய ஆத்தாமை ஒண்ணு இருக்கு.

அந்த மைலேஜ் டெஸ்டுல ஒரு சதவீதம் ரெண்டு சதவீதம் ஏத்துறதுக்காக நீங்க சொருகுற ஒவ்வொரு சாமானும்தான் வாரண்டி முடிஞ்சப்புறம் எங்க கழுத்துக்கு வருது. ஒரு நண்பர் பெட்ரோல் வி8 வெச்சிருக்காரு, லோடு இல்லாதப்ப பாதி சிலிண்டர் தூங்கிரும், மிச்சம் பிடிக்குறதுக்காம். தூங்க வைக்குறது வால்வைத் தொறக்குற லிஃப்டர்ங்கற பாகம், அதுல ஒண்ணு ஒரு நாள் எந்திரிக்கவே இல்ல, டக்கு டக்குன்னு சத்தம், லிஃப்டரைத் தள்ளுற கேம்ஷாஃப்ட் தண்டையும் தேச்சு வெச்சிருச்சு. அதுல மிச்சமானது 3 சதவீதம்னே வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10, ஆக 1,500 லிட்டர், அதுல 3 சதவீதம் 45 லிட்டர். வருஷத்துக்கு அரை டேங்க் சொச்சம். அந்த அரை டேங்கை எத்தனை வருஷம் சேத்தா ஒரு இன்ஜின் வேலைக்கு ஆகும்னு அவரு கணக்கு போட்டு பாத்துட்டு பேப்பரை கசக்கி எறிஞ்சிட்டாரு. டைமிங் பெல்ட்டை ஆயிலுக்குள்ள ஓட விடுறது, சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணையுற ஸ்டார்ட் ஸ்டாப், அதெல்லாம் இதே கதைதான், விரிவா சொன்னா மடல் முடியாது.

என் வண்டில வந்தது டிபிஎஃப். புகையில இருக்குற கரித்தூளைப் பிடிக்குற ஃபில்டர், அது வேணும், ஊர் மூச்சு முட்டக் கூடாது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. அடைஞ்சா உள்ளயே எரிச்சுக்கும், சுமார் 600 டிகிரி சூடு வேணும், அதுக்கு கொஞ்சம் தள்ளி எக்ஸ்ட்ரா டீசல் பீய்ச்சும், நல்லா நீளமா ஓடுனா வேலை முடிஞ்சிரும். ரெண்டு மாசம் எனக்கு எல்லாமே சின்னச் சின்ன ஓட்டம், அஞ்சு கிலோமீட்டர், ஏழு கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் எரிக்க ஆரம்பிக்கும், பாதில நான் சாவியை அணைச்சிருவேன், எனக்கு எப்படி தெரியும், டேஷ்போர்டுல ஒரு எழுத்து வரல. ஒரு நாள் காலைல சும்மா டிப்ஸ்டிக்கை உருவுனேன். ஆயில் குறையும்னு பாத்தா மேக்ஸிமம் கோட்டை விட ஒரு விரக்கடை மேல நிக்குது. துணில தொடச்சு மோந்து பாத்தா டீசல் வாடை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரு வழியா இறங்கி ஆயிலோட கலந்து ஆயிலே தண்ணியா ஓடுது. சர்வீஸ்ல போய் கேட்டா "நீங்க ஹைவேல ஓட்டணும் சார்"னாரு. வாங்கும்போது ஷோரூம்ல ஒருத்தரும் இதைச் சொல்லல. அன்னிக்கு நான் டிப்ஸ்டிக் பாக்காம விட்டிருந்தா டர்போ போயிருக்கும், போயிருந்தா "ஆயில் சரியா மெயின்டெய்ன் பண்ணல"ன்னு என் மேலயே எழுதியிருப்பீங்க.

டிப்ஸ்டிக்னு சொன்னதும் கியர்பாக்ஸ் ஞாபகம் வருது. அதுல டிப்ஸ்டிக்கே இல்ல. ஆயில் "லைஃப்டைம்"னு போட்டிருக்கீங்க. யாரோட லைஃப்? 80,000ல என் மெக்கானிக் பிடிவாதமா தொறந்து பாத்தாரு, உள்ள இருந்து வந்தது கறுப்பா, கருகுன வாடையோட, கியர்பாக்ஸ் அடியில இருக்குற ஆயில் தட்டு காந்தத்துல இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிட்டு இருந்துச்சு. மாத்துனதும் ரெண்டாவதுலேருந்து மூணாவதுக்கு போகும்போது இருந்த குலுக்கல் நின்னுருச்சு. மேனுவலை இன்னொரு தடவை எடுத்துப் பாத்தேன், பொடி எழுத்துல ஒரு மூலைல "கடுமையான பயன்பாட்டுக்கு" தனி அட்டவணைன்னு இருக்கு: லோடு, டிரெய்லர், தூசி, சின்ன ஓட்டம். ஐயா, பிக்கப்பை வேற எதுக்கு வாங்குவாங்க?

அவார்டு பத்தியும் ஒரு வார்த்தை. வண்டி வாங்குனவங்ககிட்ட சர்வே எடுக்குற ஜே.டி. பவர் கம்பெனியோட ஆரம்பத் தர சர்வே முதல் 90 நாள் அனுபவத்தைக் கேக்குறது. நம்பகத்தன்மைக்கு வேற ஒண்ணு இருக்கு, அது 3 வருஷம் ஓடுன வண்டிக்கு. ரெண்டுலயுமே 100 வண்டிக்கு எத்தனை பிரச்சனைன்னு எண்ணுறாங்க, அதுல போன் ப்ளூடூத்ல சேராததும் ஒண்ணுதான், கியர்பாக்ஸ் உக்காந்துட்டதும் ஒண்ணுதான். சர்வே பண்றவங்களை நான் குத்தம் சொல்லல, அவங்க எதை எண்ணுறோம்னு சொல்லிட்டுத்தான் எண்ணுறாங்க. 90 நாள் கோப்பையை வாங்கிட்டு வந்து பெரிய எழுத்துல "நம்பகமான பிக்கப்"னு போடுறது நீங்கதான். 90 நாள்ல என் வண்டியும் தங்கம்தான்.

அதனால முழு லோடு மைலேஜோட இன்னும் மூணு சின்ன விஷயம் கேக்குறேன். டிபிஎஃப் எரிச்சிட்டு இருக்கும்போது டேஷ்போர்டுல ஒரு லைட் போடுங்க, ஒரு லைட்தான், மூட் லைட்டுக்கு 64 கலர் குடுக்க முடியுது உங்களால. கியர்பாக்ஸுக்கு ஒரு டிப்ஸ்டிக், லைஃப்டைம்ங்கற வார்த்தைக்கு பதிலா ஒரு கிலோமீட்டர். அப்புறம் பாதி சிலிண்டர் தூங்குற மாதிரி எதையாவது சேத்தீங்கன்னா அதை நிரந்தரமா அணைக்க ஒரு சுவிட்ச், மைலேஜ்ல அந்த 3 சதவீதம் போனா போகட்டும், நான் தாங்கிக்குறேன்.

லோடு மைலேஜ் டெஸ்ட் பண்ண செலவாகும், நேரமாகும்னு சொன்னீங்கன்னா என் நோட்டை வாங்கிக்குங்க, காசு வேணாம். ரெண்டு நோட்டு முடிஞ்சு மூணாவது ஓடுது, முதல் நோட்டுல நாலஞ்சு பக்கம் ஆயில் பட்டு ஒட்டிக்கிச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா படிக்கலாம்.