ஒன்பதாம் வகுப்போடு பாட்டு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் உங்கள் நாளிதழில் மனநல உதவி எண்களைப் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள், 14416 என்ற எண்ணை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். நல்ல காரியம், விடாமல் போடுங்கள். ஆனால் ஒரு பிள்ளை அந்த எண்ணைத் தேடும் நிலைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பள்ளிக்கூடம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இசை வகுப்பைத்தான் சொல்கிறேன்.

நம் அரசுப் பள்ளிகளில் இசைக்கு ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள், உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என்று பல பாடங்களுக்கு. மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அதன்பிறகு அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்தப் பணியிடங்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, அந்த வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும். கலை என்றால் ஓவியமாகவும் இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம், பள்ளிக்கு எது வாய்க்கிறதோ அது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்தச் சட்டத்தில் அதுவும் கிடையாது.

இப்போது இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. 14 வயது என்றால் நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு! பிள்ளைக்கு மனசு கனக்கத் தொடங்குகிற அதே வருஷத்தில் பாட்டையும் விளையாட்டையும் எடுத்துவிட்டு அந்த பீரியடில் கணக்கு டெஸ்ட் வைக்கிறோம். 2022இல் மட்டும் இந்தியாவில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது, அதில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கும் மாநிலம். இசை வகுப்பு இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, யாரும் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தோமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும் இல்லையா.

என் அண்ணன் மகன் பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டான், சாப்பாட்டுத் தட்டையும் அறைக்குள்ளேயே வாங்கிக்கொள்வான். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டினோம், மாத்திரையும் ஆலோசனையும் உதவின, அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே சமயம் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மைதானத்தில் பறை சொல்லிக்கொடுக்கும் குழுவில் போய் நின்றான். ஒரு கையில் அடிக்குச்சி, இன்னொரு கையில் சிண்டுக்குச்சி, வட்டமாக நின்று பக்கத்தில் இருப்பவனுடைய அடியைக் கேட்டுக்கேட்டுத்தான் அடிக்க வேண்டும், அடி தவறினால் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம், யாரும் திட்டுவதில்லை. "அங்க யாரும் மார்க் கேக்கமாட்டாங்க அத்தை" என்றான் ஒருநாள். அவனைச் சுற்றி இருந்த பெரியவர்களில், நான் உள்பட, மார்க் கேட்காத ஆள் அந்த ஆசான் ஒருவர்தான்.

சேர்ந்து பாடுவதில் உடம்புக்கும் வேலை இருக்கிறது. நீண்ட அடியைப் பாட மூச்சை மெதுவாக விட்டாக வேண்டும், மூச்சு நிதானமானால் இதயத் துடிப்பும் நிதானப்படும். சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 வயது மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்துப் பார்த்தபோது அவர்களின் இதயத் துடிப்பு ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்கியதை 2013இல் வெளியிட்டார்கள். நம் பஜனை மடத்திலும் வயல் நடவிலும் சேர்ந்து பாடியவர்கள் இதை உடம்பாலேயே அறிந்திருப்பார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள், கிராமத்துப் பிள்ளை மாநில மேடையில் ஏறுவது பெரிய விஷயம்தான். ஆனால் அது போட்டி. நன்றாகப் பாடுகிற பிள்ளைதான் மேடைக்குப் போகும், கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளையின் பெயரை அதற்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். நமக்கு உண்மையில் கவலை இருக்க வேண்டியது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். சில தனியார் பாட்டு வகுப்புகளிலும் இதே சிக்கல், சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தை முடிப்பதற்குள் டிவி போட்டிக்குத் தயார் பண்ணத் தொடங்கிவிடுகிறார்கள், சுருதி விலகினால் எல்லோர் முன்னாலும் திட்டு. அப்படிச் சொல்லிக்கொடுக்கும் இசை பிள்ளையை இன்னும் நோகடிக்கும். இசையே இல்லாமல் இருப்பது அதைவிட மேல்.

சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. 17 மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு இசைக் கல்லூரிகள், அதற்கு மேல் ஒரு பல்கலைக்கழகம். நாதஸ்வரம், தவில், தேவாரம், மிருதங்கம் என்று படித்து முடித்த பலர் நிலையான வருமானம் இல்லாமல் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். வரும் கல்வியாண்டுக்கு நேர அட்டவணை போடும்போது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வாரம் இரண்டு பீரியட் சேர்ந்து பாடவும் வாசிக்கவும் ஒதுக்குங்கள். பறையோ, நாட்டுப்புறப் பாட்டோ, தேவாரமோ, கீபோர்டோ, அந்த ஊரில் எது முடியுமோ அது. மதிப்பெண் வேண்டாம், தேர்வு வேண்டாம், தேர்வு மாதத்திலும் அந்த பீரியடில் கை வைக்க வேண்டாம். அதற்கு முழுநேர ஆசிரியரை முழுச் சம்பளத்தோடு போடுங்கள். அப்புறம், பிள்ளையிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அந்த ஆசிரியருக்கு ஒரு சிறு பயிற்சியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் தாய்,
திண்டுக்கல்.