‘இப்ப’ என்றால் என்ன, கண்ணு?

போச்சம்பள்ளி
ஆனி 20

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய 15,000 வந்தது. போர் போட்டவனுக்குப் பாக்கியைக் கொடுத்துவிட்டேன், மோட்டார் ஓடுகிறது. ஊரில் என்னைக் குவைத்துக்காரன் அப்பா என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3 வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. ‘நல்லா இருக்கேன்பா’ என்று டைப் அடித்தால் ஆயிற்றா? பெற்றவளுக்கு ஒரு வார்த்தை பேச வாய் வலிக்கிறதா?

மாந்தோப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெங்களூரா காய்க்கு மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் கேட்கிற விலையில் பறிகூலிகூடத் தேறாது போலிருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காலை 11 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே. போன வருஷம் நீதான் சொன்னாய். ஓவர்டைமுக்கு ஆசைப்பட்டு நீயாகப் போய் நிற்காதே. தண்ணீர் குடி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே.

பாலக்கோட்டுப் பையன் லீவில் வந்திருக்கிறான். நம் வீட்டுக்கும் வந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன், அம்மா டீ கொண்டுவந்ததும் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிட்டான். கிளம்பும்போது, “இப்பப் பரவாயில்லீங்கப்பா” என்றான். நான் எதுவும் கேட்கவே இல்லையே. ‘இப்ப’ என்றால் என்ன என்று ரெண்டு ராத்திரியாக யோசிக்கிறேன்.

கடைசியாக வீடியோவில் வந்தாயே, அன்றைக்கு டீ கப்பை எடுக்கும்போது உன் கை நிதானமாகத்தான் இருந்தது. உதட்டுக்குக் கிட்டே வர வர ஆடியது. இன்னொரு கையையும் கொண்டுவந்து பிடித்தாய். அம்மா கவனிக்கவில்லை. எனக்கு அந்த ஆட்டம் தெரியும். உன் சித்தப்பாவுக்குக் கூழ் சொம்பைத் தினமும் பிடித்துக் கொடுப்பவன் நான்.

சித்தப்பா கல் குவாரியில் திடீரென்று விழுந்துவிட்டார் என்றுதானே உனக்குத் தெரியும்? திடீரென்று என்பது நான் சொன்ன பொய்.

அன்றைக்கு மேஸ்திரி நான். கத்திரி வெயில், போதாததற்குப் பாறையிலிருந்து ஏறும் அனல். 11 மணிக்கே அவனுக்கு வாய் குளறியது. உளியைக் கேட்டால் சுத்தியலைத் தருகிறான். நீ யார் என்பதுபோல என்னைப் பார்க்கிறான். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆட்களுக்கு முன்னால் எனக்கு மானம் போனது. ஓங்கி ஓர் அறை விட்டேன், கண்ணு. போதை தெளியும்வரை கிட என்று தகர ஷெட்டுக்குள் தள்ளினேன். கத்திரியில் தகர ஷெட். 3 மணிக்குப் போய்ப் பார்த்தால் வலிப்பு இழுத்துக்கொண்டிருந்தது. இருபதடி தள்ளிப் பாறைக்குழி நிறையத் தண்ணீர் கிடந்தது. ஒரு குடம் மொண்டு ஊற்றியிருக்கலாம்.

உடம்புச் சூடு 104 டிகிரியைத் தாண்டி ஆளுக்குப் புத்தி தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். வேர்வை நின்றுபோனால்தான் வரும் என்றில்லையாம், உழைக்கிறவனுக்கு வேர்த்துக்கொண்டிருக்கும்போதே வருமாம். அரை மணிக்குள் தண்ணீரிலோ ஐஸிலோ போட்டுச் சூட்டை இறக்கியிருக்க வேண்டுமாம். ஜுர மாத்திரைக்கெல்லாம் இது கேட்காது. பின்மண்டையில் சிறுமூளை இருக்கிறது. நடை, பேச்சு, கையின் நிதானம் எல்லாம் அதன் பொறுப்பு. அந்த செல்கள் சூட்டில் செத்தால் திரும்ப முளைக்காதாம். சந்தையில் அவன் தள்ளாடி நடந்தால் தெரியாதவன் குடிகாரன் என்கிறான். முதலில் அப்படிச் சொன்னவன் நான். அந்த அறை அவனுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. இதுவரை என்னைக் கேட்டதில்லை.

எல்லோருக்கும் அது அப்படியே தங்கிவிடாது, தேறியவர்களும் உண்டு. ஆனால் ஒரு தடவை அடிபட்ட உடம்பை வெயில் மறுபடி சுலபமாகச் சாய்த்துவிடும். அதனால் சொல்கிறேன், தண்ணீர் குடி. நரம்பு டாக்டரைப் போய்ப் பார். விசாக் கடனை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்காதே. மாடு ரெண்டையும் கொடுத்தால் வட்டியாவது அடையும், நீ வந்தாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் குடி.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள், வீட்டில் நானும் சித்தப்பாவும்தான். வீடியோவில் வா. ரூம்காரப் பையன் ஒருத்தனை எதிரே உட்காரவைத்து விரலை நீட்டச் சொல். ஆள்காட்டி விரலால் உன் மூக்கைத் தொடு, அப்புறம் அவன் விரலைத் தொடு, திரும்ப மூக்கு. சித்தப்பாவுக்கு டாக்டர் வைத்த சோதனைதான். கை ஆடவில்லை என்றால் மாங்காய் விலையைப் பேசிவிட்டு வைத்துவிடலாம்.

இதை நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எதிர்வீட்டுப் பாப்பாவிடம் கொடுக்கவில்லை. அம்மாவிடம் நீயும் சொல்லாதே.

அப்பா