தாமரைக்கு: 2022-இல் அம்மா பார்த்த புது நாடகங்கள்

திண்டிவனம்,
ஜனவரி 2023

அன்பு மகள் தாமரைக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? "இத்தனை ஆப் போட்டுக் கொடுத்திருக்கேனே, இந்த வருஷம் வந்த புதுசுல எதும்மா ரொம்ப நல்லா இருந்துச்சு?" என்று போனில் கேட்டாய். 'எதிர்நீச்சல்' சீரியல் என்றேன். நீ சிரித்த சிரிப்பு மெல்போர்னில் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் குட்டி அழுதது, போனை வைத்துவிட்டாய். சரி, எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். குறுக்கே பேச ஆளில்லை.

சீரியலைத் தவிர எதையும் அம்மா பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சொன்னது எல்லாவற்றையும் பார்த்தேன். 'சுழல்' வந்தது ஜூன் மாதம். எட்டு எபிசோடையும் நானும் அப்பாவும் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டோம். புஷ்கர் காயத்ரி எழுதியது. பிரம்மா பாதி, அனுசரண் பாதி என்று இரண்டு பேர் இயக்கியிருக்கிறார்கள். எங்கே ஒருவர் விட்டார், எங்கே இன்னொருவர் பிடித்தார் என்றே தெரியவில்லை. சிமென்ட் ஆலை எரிகிறது, அதே ராத்திரி ஒரு பெண் காணாமல் போகிறாள். அவளுடைய அப்பா பார்த்திபன், தொழிற்சங்கத் தலைவர், சாமி இல்லை என்கிற ஆள். அம்மாக்காரியோ அங்காளம்மனே கதி என்று கிடக்கிறாள். ஊரில் நடப்பது மயானக் கொள்ளைத் திருவிழா.

மயானக் கொள்ளையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல்மலையனூருக்கு அந்தப் பக்கம்தானே நான் பிறந்த ஊர். மாசி மாதம், சிவராத்திரி முடிந்த மறுநாள் அம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். காளி வேஷம் கட்டினவர்கள் முன்னால் ஆடிக்கொண்டு வருவார்கள். விளைந்த தானியம், காய்கறி, வேகவைத்த பயறு, சில்லறைக் காசு என்று ஜனங்கள் வாரி இறைப்பார்கள். கீழே விழுவதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் நல்லது என்று ஆயா சொல்லுவாள். உன் பெரிய மாமா அந்தக் கூட்டத்தில் மிதிபட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்த கதை உனக்குத் தெரியும். அந்தத் திருவிழாவை நம் வட மாவட்டத்துச் சமவெளியிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு மலை ஊரில் வைத்திருக்கிறார்கள். முதலில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், திருவிழாவைப் பாட்டுக்காகவோ வேடிக்கைக்காகவோ வைக்கவில்லை. திருவிழாவின் நாள் நகர நகரத்தான் கதையும் நகர்கிறது. வேஷம் கட்டினவர் யார், கட்டாமல் திரிகிறவர் யார் என்பதுதான் அதில் விஷயமே. இன்ஸ்பெக்டராக வந்த ஸ்ரேயா ரெட்டியை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பெண்ணை எங்கே வைத்திருந்தார்கள்?

'விலங்கு' பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. பெரிய விளம்பரம் கிடையாது. நடித்தது விமல் என்றதும் அப்பா, "அவனா?" என்று பேப்பருக்குள் போய்விட்டார். இரண்டாவது எபிசோடில் பேப்பர் மடியில் கிடந்தது. திருச்சிப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன். காட்டில் அழுகின பிணம் ஒன்று கிடைக்கிறது. ராத்திரி காவலுக்கு ஆள் போடுகிறார்கள். விடிந்து பார்த்தால் உடம்பு இருக்கிறது, தலையைக் காணோம். மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தப் போலீஸ்காரர்கள் படுகிற பாடு இருக்கிறதே! சினிமாவில் போலீஸ் என்றால் மீசையும் கூலிங் கிளாசும்தான். இதில் தூக்கமில்லாத கண்ணும், திட்டு வாங்கின முகமும், வீட்டில் மாசமாக இருக்கிற மனைவியும். கிச்சப்பா என்று ஒருவர் வருவார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் உனக்குக் கெட்டுவிடும், சொல்ல மாட்டேன். ஏழே எபிசோடு, ஒன்றிலும் சதை தொங்கவில்லை. நீ இன்னும் பார்க்கவில்லை என்றாயே, இந்தச் சனி ஞாயிறில் பார்த்துவிடு. சாப்பிட்டுக்கொண்டே மட்டும் பார்க்காதே.

டிசம்பரில் வந்த 'வதந்தி'யில் எஸ்.ஜே. சூர்யா கத்தாமல் நடித்திருக்கிறார், அதற்கே தனியாக ஒரு கும்பிடு போடலாம். ரொம்ப வருஷம் கழித்து லைலா, அந்தப் பழைய சிரிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறார். செத்துப்போன ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், கன்னியாகுமரிப் பக்கம் முழுக்க அவளைத்தான் மென்றுகொண்டிருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் ஐந்து எபிசோடில் சொல்ல வேண்டியதை எட்டாக இழுத்திருக்கிறார்கள். நடுவில் நான் எழுந்துபோய் இட்லிக்கு அரைத்து வழித்துவிட்டு வந்தேன், கதை அதே இடத்தில் நின்றிருந்தது.

அங்கேதான் எனக்கு ஒரு எரிச்சல் ஆரம்பித்தது. 'சுழல்' ஒரு பெண் காணாமல் போவதில் தொடங்குகிறது. 'வதந்தி' ஒரு பெண்ணின் பிணத்தில். அடுத்த வாரமே வந்த 'ஃபால்', மாடியிலிருந்து விழுந்து கோமாவில் கிடக்கிற அஞ்சலியில். ஏன் தாமரை, நம் ஆட்களுக்கு ஒரு பெண் செத்தால்தான், இல்லை சாகக் கிடந்தால்தான் அவளைப் பற்றி எட்டு மணி நேரம் பேசத் தோன்றுமா? அவள் உயிரோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தபோது கேமராவை எங்கே வைத்திருந்தார்கள்? 'சுழல்' நல்ல நாடகம்தான், அந்தப் பெண்ணுக்கு நியாயமும் செய்கிறது. ஆனால் வரிசையாகப் பார்க்கும்போது அலுத்துப்போகிறது.

இப்போது 'எதிர்நீச்சல்'. பிப்ரவரி 7-ஆம் தேதி சன் டிவியில் தொடங்கியது. இயக்குவது திருச்செல்வம். நீ எட்டாவது படிக்கும்போது வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு 'கோலங்கள்' பார்ப்பாயே, அதை எடுத்தவர். தேவயானிக்குத் தோள் கொடுக்கிற தொல்காப்பியனாக வந்தாரே, அவரேதான். அதனால் சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசி.

கதை என்ன? ஆதி குணசேகரன் என்று ஒரு மதுரைப் பணக்காரர். கூடப் பிறந்த தம்பிகள் மூன்று பேர். வீட்டுக்கு வருகிற மருமகள் படித்திருக்க வேண்டும், ஊருக்குச் சொல்லிக்கொள்ளப் பெருமை. ஆனால் வேலைக்குப் போகக் கூடாது. கடைசித் தம்பிக்குக் கட்டிக் கொடுக்கிற ஜனனியிடம், கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாம் என்று சொல்லித்தான் அழைத்து வருகிறார்கள். வந்த பிறகு கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவளுக்கு முன்னால் அதே கதவுக்குள் வந்த மூன்று பேர் ஏற்கெனவே அடுப்படியில் நிற்கிறார்கள். அவ்வளவுதான். கொலை இல்லை, இரட்டைப் பிறவி இல்லை, பாலில் விஷம் இல்லை.

அந்த அடுப்படியைப் பார்க்கத்தான் நான் உட்காருகிறேன். நாலு பேரும் ஆளுக்கொரு வேலையாக இருப்பார்கள். ஒருத்தி காய் நறுக்குவாள், ஒருத்தி தாளிப்பாள். பேச்சு மட்டும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். நந்தினியாக வருகிற ஹரிப்பிரியா, மூத்தாரைப் பற்றி வாய்க்குள்ளேயே ஒரு நக்கல் விடுவாள், மற்ற மூன்று பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். பேச்சு டக்கென்று நிற்கும். மூத்தவள் ஈஸ்வரி, கனிகா, ஒன்றும் நடக்காதது மாதிரி தட்டை எடுப்பாள். அந்தக் கை தட்டை எடுக்கிற பழக்கத்தைப் பார்த்தாலே, அவள் அந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். நானும் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு உன் அப்பத்தா வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தவள்தான். செருப்புச் சத்தத்துக்கு நிற்கிற பேச்சை இந்த ஆப் நாடகம் எதிலும் நான் பார்க்கவில்லை.

மாரிமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேனிப் பக்கத்து ஆள், 'கண்ணும் கண்ணும்' படத்தை இயக்கியவர். குணசேகரனாக அவர் நடிப்பது மாதிரியே இல்லை. "இந்தாம்மா, ஏய்!" என்று அவர் கூப்பிடுவதை நம் தெருவில் சின்னப் பிள்ளைகள் வரை சொல்லித் திரிகிறார்கள். சில்லறைத்தனம், வீராப்பு, பணத்தில் கணக்கு, அப்புறம் தான் செய்வதெல்லாம் குடும்பத்துக்காகவே என்கிற நம்பிக்கை. இந்த நாலும் சேர்ந்த ஆளை ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் பந்தி விசாரிக்கிற இடத்தில் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவர் வந்தாலே சிரிப்பார். நான் சிரிப்பதில்லை.

குறையும் அதில்தான் இருக்கிறது. அந்த ஆள் பேசுவது ரசிக்கும்படி இருப்பதால் எழுதுகிறவர்களும் அவரை விட மாட்டேன் என்கிறார்கள். மாதம் முழுக்க அவர் ஜெயிப்பார். மாதக் கடைசியில் ஒரு நாள் பெண்கள் ஜெயிப்பார்கள், அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே முன்னோட்டம் போடுவார்கள். வாசலில் தொடங்கின சண்டை கூடத்துக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். ஆளாளுக்கு முகத்தை மாற்றி மாற்றிக் காட்டி, டமார் டமார் என்று சத்தம் போடுவதும் அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் வெட்டிவிட்டுப் பத்து மணி நேரமாகக் கொடுத்தால், நீ சொன்ன எந்த ஆப்பிலும் வைக்கலாம். வெட்டினால் அந்த அலுப்பும் போய்விடுமே என்றும் தோன்றுகிறது. அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் நேற்றைய நாள் மாதிரியே இருப்பதுதானே அந்தப் பெண்களின் கஷ்டம்.

மோசமானது எது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 'தமிழ் ராக்கர்ஸ்'. ஏவிஎம் எடுத்தது, அறிவழகன் இயக்கியது, திருட்டு சினிமா போடுகிற கும்பலைப் பற்றி. எவ்வளவு நல்ல விஷயம்! யார் திருடுகிறான், தியேட்டருக்குள் கேமரா எப்படிப் போகிறது, ஜனங்கள் ஏன் கூசாமல் பார்க்கிறார்கள் என்று எவ்வளவு கேட்கலாம். இவர்கள் என்ன செய்தார்கள்? அருண் விஜய் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மனைவியைப் பறிகொடுத்த சோகத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் செத்துப்போன ஒரு பெண், பார். வாணி போஜன் வந்தாள் என்று சந்தோஷப்பட்டேன். 'தெய்வமகள்' சத்யாவாக அண்ணியாரையே எதிர்த்து நின்றவள். இதில் அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்து ஹீரோவுக்குத் தகவல் சொல்கிற வேலைதான்.

'பிக் பாஸ் அல்டிமேட்' என்று ஜனவரி கடைசியில் ஆரம்பித்தார்களே, இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் என்று. நடுவில் கமல் விட்டுவிட்டுப் போய் சிம்பு வந்தார். ராத்திரி தூக்கம் வராமல் ஒரு தடவை போட்டேன், உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கிருத்திகா உதயநிதி எடுத்த 'பேப்பர் ராக்கெட்' அத்தனை மோசமில்லை. அப்பா போன் செய்யும்போதெல்லாம் எடுக்காத ஒரு பையன், அப்பா போன பிறகு தவிக்கிறான், முன்பின் தெரியாதவர்களோடு ஊர் சுற்றுகிறான். நான் எதையும் குத்திக்காட்டவில்லை, கதை அப்படித்தான். ரேணுகாவும் கருணாகரனும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் மனசு விட்டுப் பேசுவது பேசுவது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இடங்கள் அழகு. இஸ்திரி போடும்போது பார்க்கலாம்.

நீ சொன்னதிலேயே எனக்கு நிஜமாகப் பிடித்தது அந்தக் கொரியா வக்கீல் பெண், 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ'. ஆட்டிசம் உள்ள பெண், திமிங்கலம் என்றால் உயிர், கிம்பாப் தவிர வேறு சாப்பிட மாட்டாள். அப்பாக்காரர் தனியாளாக வளர்த்தவர், கிம்பாப் கடை வைத்திருக்கிறார். கடற்பாசித் தாளில் சோற்றை வைத்து உருட்டி வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அடுக்கிக் கொடுப்பார். தெரியாதது வாய்க்குள் போனால் அவளுக்கு ஆகாது என்பதால். கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்துப் படித்துக் கண் வலித்தது, பதினாறு எபிசோடையும் விடவில்லை. இதிலும் ஒரு பெண்தான் கதை. உயிரோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வக்கீல் ஆபீஸ் வாசலில் சுற்றுக் கதவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். ஜனனிக்கும் இப்படி ஒரு கதவு கிடைத்தால் என்ன?

கடைசியாக, 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' என்கிற அந்த இங்கிலீஷ் டிராகன் நாடகம். மாப்பிள்ளை சொன்னாரே என்று நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். எல்லோருக்கும் ஒரே வெள்ளை முடி, பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. அப்பாதான் ஒரு தாளில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொண்டார். ஏழாவது எபிசோடில் அந்த ராஜகுமாரி டேமனைக் கட்டிக்கொண்டாள். "தாய்மாமனைத்தானே கட்டிக்கிறா, நம்ம ஊர்ல இல்லாததா" என்று அப்பா தாராளமாகச் சொன்னார். நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். டேமன் அவள் அப்பாவோடு கூடப் பிறந்த தம்பி. சித்தப்பாடி! தாளைத் திருப்பிக் காட்டியதும் அப்பா டிவியை நிறுத்திவிட்டார். பாக்கி மூன்று எபிசோடையும் நான் பகலில் தனியாகப் பார்த்து முடித்தேன், அவரிடம் சொல்லிவிடாதே. அடுத்த பாகம் எப்போது வருகிறது என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா