பிளேனுக்கு முன்னாடி கரண்ட் மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்காவுல விமான டிக்கெட் விலை இறங்கின கதையைப் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா அந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட அதிகாரி ஆல்ஃப்ரெட் கான் 1977ல திடீர்னு வானத்துலேர்ந்து குதிச்ச மாதிரி ஆரம்பிச்சுட்டீங்களே சார். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் அவரு நியூயார்க் மாநிலத்துல கரண்ட், கேஸ், போன் எல்லாத்துக்கும் ரேட் போடுற கமிஷனுக்குத் தலைவரா இருந்தாரு. அந்த மூணு வருஷத்தை விட்டுட்டா மிச்சக் கதை பாதிதான் புரியும்.

ஆளு அடிப்படையில வாத்தியார், கார்னெல் யுனிவர்சிட்டியில பொருளாதாரம் எடுத்தவரு. கட்டுப்பாட்டுல இருக்குற தொழிலுக்கு விலை எப்படி வைக்கணும்னு ரெண்டு வால்யூம்ல தடியா புத்தகமே போட்டவரு. எழுதினதை இப்ப செஞ்சு காட்டுங்கன்ற மாதிரி 1974ல அந்தக் கமிஷன் தலைவர் பதவி வந்து சேந்துச்சு. வந்த நேரமும் லேசுப்பட்ட நேரம் இல்ல, எண்ணெய் விலை எகிறிப்போய் நியூயார்க் நகரத்துக்குக் கரண்ட் குடுக்குற கான் எடிசன் கம்பெனி (பேரு ஒண்ணா இருக்கே தவிர இவருக்கு சொந்தம் இல்ல) அந்த வருஷம் ஏப்ரல்ல ஷேர் வெச்சிருக்குறவங்களுக்கு டிவிடெண்டே குடுக்க முடியாம கையை விரிச்சிருந்துச்சு.

அதுவரைக்கும் இந்த வேலை எப்படி ஓடும்னா, கம்பெனி வந்து செலவு இவ்ளோ, முதலீடு இவ்ளோ, ரேட்டை ஏத்துங்கன்னு கேக்கும், வக்கீலுங்க மோதுவாங்க, கமிஷன் கொஞ்சம் வெட்டிட்டு மிச்சத்தைக் குடுக்கும். மொத்தம் எவ்ளோன்றதுதான் பேச்சே. யாருகிட்ட, எந்த நேரத்துக்கு எவ்ளோ வாங்குறதுன்னு பெருசா யாரும் மண்டையை உடைச்சுக்கல. கான் கை வெச்சது அங்கதான். கோடைக்காலம் மத்தியானம் ஊரே ஏசி போடும்போது அந்த சில மணி நேரத்துக்காகவே கம்பெனி தனியா ஒரு பிளான்ட் கட்டி வெக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு அதே பிளான்ட் சும்மா கிடக்கும், அப்புறம் ரெண்டு யூனிட்டுக்கும் ஒரே விலைன்னா என்ன கணக்குன்னு கேட்டாரு. இன்னிக்கு நேரத்துக்கு ஒரு ரேட்டுனு சொன்னா நமக்குப் புதுசா இல்ல, அப்போ அதிகமா இழுத்தா யூனிட் விலை குறையும்ன்ற ரேட்டெல்லாம் சகஜமா இருந்த காலம்.

போன்லயும் அதே புத்திதான். டைரக்டரியைப் புரட்ட சோம்பல்பட்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டு நம்பர் கேக்குறது இலவசம், அந்த செலவு கூப்பிடாதவங்க பில்லுலயும் சேந்து வந்துச்சு. இவரு கேக்குறவங்களுக்கு சின்னதா ஒரு கட்டணம், கேக்காதவங்களுக்கு பில்லுல கழிவுன்னு மாத்தினாரு. சின்ன விஷயம்தான், எனக்கென்னமோ அவரோட மொத்த மூளையும் இதுக்குள்ளயே இருக்குன்னு தோணும்.

இப்ப உங்க கட்டுரைக்கு வாங்க. ஜனாதிபதி கார்ட்டர் இவரைக் கூப்பிட்டு விமானக் கட்டணத்தை முடிவு பண்ற சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டுக்குத் தலைவராக்கினாரு. பிளேனைப் பத்தி ஒண்ணும் தெரியாது, எனக்கு அது ரெக்கை முளைச்ச கூடுதல் செலவுன்ற மாதிரி அவரே கிண்டலா சொல்லுவாரு. கிளம்பப்போற பிளேன்ல காலி சீட்டும், ராத்திரி சும்மா கிடக்குற பிளான்ட்டும் அவருக்கு ஒண்ணுதான், இன்னொருத்தரை ஏத்துறதுக்கு ஆகுற கூடுதல் செலவு ரொம்பக் கொஞ்சம், அப்புறம் ஏன் போர்டு உக்காந்து விலையைத் தூக்கிப் பிடிக்கணும்? 1978 அக்டோபர் 24ல அந்தக் கட்டுப்பாட்டை எடுக்குற சட்டம் கையெழுத்தாச்சு, 1984 முடிஞ்சதோட அந்த போர்டே இல்லாமப் போச்சு. தன் ஆபீசுக்குத் தானே பூட்டு போட வழி பண்ணின அதிகாரின்னு நீங்க எழுதினது சரிதான்.

ஆனா அதைப் படிச்சுட்டு ரேட்டைக் கட்டுப்படுத்துற கமிஷன், போர்டு எதுவுமே வேண்டாம்னு சொன்ன ஆளுன்னு யாராவது நெனச்சா தப்பு. ஒரு ரூட்ல நாலு கம்பெனி பறக்கலாம், ஒரு வீட்டுக்கு நாலு கம்பெனி நாலு கம்பி இழுக்க முடியாதே. நியூயார்க்ல அவரு கமிஷனை மூடல, விலையைத்தான் திருத்தினாரு. பின்னாடி விமானக் கம்பெனிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருத்ததை அரசாங்கம் தடுக்காம விட்டுதுன்னு குறையும் பட்டுக்கிட்டாரு.

அடுத்த தடவை அவரைப் பத்திப் போட்டா பிளேன் படத்துக்குப் பக்கத்துல ஒரு கரண்ட் மீட்டர் படத்தையும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்