விலை குறைந்த டிரெயில் கேமரா: காட்டில் கட்டும் முன் சோதித்துப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு கடக்கும்போது தானாகவே படமெடுக்கும் டிரெயில் கேமராவை விலை குறைவாக வாங்க வருபவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "இது எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். பெட்டியின் மேல் அதுதானே பெரிய எழுத்தில் இருக்கிறது. கேமராவைக் கட்டிச் சில வாரம் ஆனதும் அவர்களே வேறொன்று கேட்கிறார்கள்: "மான் நடந்துபோன தடம் இருக்கிறது, கார்டில் மட்டும் மானைக் காணோமே, ஏன்?" வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அதற்கான பதிலையும், கேமராவை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறையையும் இந்த மடலில் எழுதுகிறோம்.

மெகாபிக்சல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்த விலையில் வரும் கேமராக்களின் உள்ளே இருக்கும் பட சென்சார் பெரும்பாலும் ஒற்றை இலக்க மெகாபிக்சல்தான். பெட்டியில் போட்டிருக்கும் 36, 48 எல்லாம் மென்பொருள் இட்டு நிரப்பும் புள்ளிகளையும் சேர்த்த கணக்கு. நீங்களே பார்த்துவிடலாம். ஒரு செடியை மிகக் குறைந்த மெகாபிக்சல் அமைப்பில் ஒரு படமும், மிக உயர்ந்த அமைப்பில் ஒரு படமும் எடுங்கள். கணினியில் இரண்டையும் பெரிதாக்கி ஒரே இலையின் நரம்பைப் பாருங்கள். நரம்பு இரண்டிலும் ஒரே அளவு மங்கலாகத் தெரிந்தால், உயர்ந்த அமைப்பால் கோப்பு பருத்ததைத் தவிர வேறு லாபம் இல்லை. பருத்த கோப்பைக் கார்டில் எழுத நேரம் பிடிக்கும், அதற்குள் இரண்டாவது விலங்கு கடந்துவிடும். குறைந்த அமைப்பிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். டிரெயில் கேமரா முழு நேரமும் படம் பிடிக்கத் தயாராக நிற்பதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த அது தூங்கிக்கொண்டிருக்கும். விழித்திருப்பது முகப்பில் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும் பிஐஆர் சென்சார் மட்டும்தான். அதற்கு உருவம் தெரியாது, வெப்பத்தில் ஏற்படும் மாற்றம் மட்டுமே தெரியும். அந்த மூடி எதிரே உள்ள பரப்பைப் பல கீற்றுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உடல் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் சென்சார் கேமராவை எழுப்பும். கேமரா எழுந்து, வெளிச்சத்தை அளந்து, அப்புறம்தான் படம் எடுக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புகார்களுக்கு விடை கிடைத்துவிடும். குறுக்கே நடக்கும் விலங்கு கீற்றுகளைத் தாண்டிக்கொண்டே போவதால் எளிதில் சிக்கும். கேமராவை நோக்கி நேராக வரும் விலங்கோ வெகுநேரம் ஒரே கீற்றுக்குள் இருப்பதால் மிக அருகே வந்த பிறகுதான் சிக்கும். உச்சி வெயிலில் தரையும் பாறையும் விலங்கின் உடலளவுக்குச் சூடேறி நிற்கும்போது சென்சாருக்கு வித்தியாசமே தெரியாது. அதிகாலையில் தூரத்தில் இருந்தே பிடிக்கும் அதே கேமரா, மதியத்தில் அதில் பாதித் தூரத்தில்கூடத் தடுமாறலாம். அதனால் பெட்டியில் '20 மீட்டர்' என்று போட்டிருப்பதைக் குளிர்ந்த நேரத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு ஒரு திறந்த வெளியும் சில குச்சிகளும் போதும். கேமராவை ஒரு கம்பத்தில் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவான உயரத்தில் கட்டுங்கள். அதிலிருந்து 5 மீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு கோட்டில் மீட்டருக்கு ஒரு குச்சி நடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் 'டெஸ்ட்' நிலை உண்டு. அதில் வைத்தால் சென்சார் உங்களை உணரும்போது முகப்பில் ஒரு சிறு விளக்கு மினுங்கும். ஓரத்திலிருந்து மெதுவாக நடந்து, எந்தக் குச்சியில் மினுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராவைப் படமெடுக்கும் நிலைக்கு மாற்றி அதே வேகத்தில் நடங்கள். படத்தில் நீங்கள் எந்தக் குச்சியருகே இருக்கிறீர்கள்? இரண்டு குச்சிகளுக்கும் உள்ள இடைவெளியை நீங்கள் நடந்து கடந்த நேரம்தான் கேமரா தூக்கம் கலைந்து எழ எடுத்துக்கொண்ட நேரம்.

50 டிகிரி கோணம் கொண்ட லென்ஸுக்கு 5 மீட்டர் தொலைவில் தெரியும் அகலம் ஏறக்குறைய நாலரை மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மேய்ந்தபடி போகும் மானை, ஒரு நொடி தாமதிக்கும் கேமராகூட நன்றாகப் பிடித்துவிடும். நொடிக்கு 4 மீட்டர் ஓடும் காட்டுப்பன்றி என்றால் அந்த ஒரு நொடியில் வாலும் பின்னங்காலும்தான் மிஞ்சும். பெட்டியில் எழும் நேரம் '0.3 நொடி' என்று இருந்தாலும் குச்சிகள் சொல்வதை நம்புங்கள். அதிலும் இந்தச் சோதனையை இரவில் ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள். பல மலிவு கேமராக்கள் இரவில் இன்னும் தாமதமாகத்தான் எழும்.

விலங்கே இல்லாத காலிப் படங்களைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். கேமராவைப் பற்றி அதிகம் சொல்பவை அவைதான். படத்தின் அடியில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். மதிய வேளையில் வரிசையாக வந்திருந்தால், வெயிலில் சூடான இலையோ புல்லோ காற்றில் ஆடியிருக்கிறது. முன்னால் உள்ள புதரை வெட்டினால் சரியாகிவிடும். இரவு நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருந்தால் விலங்கு வந்திருக்கிறது, கேமரா பிந்திவிட்டது என்று சந்தேகப்படலாம். உறுதி செய்ய, ஒரே தூண்டலில் மூன்று படம் எடுக்கும்படி வையுங்கள். முதல் படம் காலியாக இருந்து இரண்டாவதில் விலங்கு நுழைந்தால் குறை ஒன்றும் இல்லை, சென்சாரின் பரப்பு லென்ஸின் பரப்பைவிட அகலம், அவ்வளவுதான். மூன்றுமே காலி என்றால் தடத்துக்கு நேர் குறுக்காகப் பார்க்கும் கேமராவைப் பக்கவாட்டில் 45 டிகிரி திருப்பி, தடத்தின் நீளவாட்டில் பார்க்கும்படி கட்டுங்கள். விலங்கு படச் சட்டத்துக்குள் அதிக நேரம் இருக்கும், மெதுவாக எழும் கேமராவுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். விலை உயர்ந்த கேமராவோடு உள்ள இடைவெளியைக் காசில்லாமல் குறைக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இரவுப் படங்களுக்கு அகச்சிவப்பு எல்இடி விளக்குகள்தான் வெளிச்சம். அவற்றில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை. 850 வகை அதிகத் தூரம் எட்டும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியும். 940 வகை மனிதக் கண்ணுக்குத் தெரியாது. பட சென்சாருக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு என்பதால் எட்டும் தூரம் குறையும், படத்தில் புள்ளி புள்ளியான இரைச்சலும் கூடும். கேமரா திருடு போகுமோ என்ற பயம் உள்ள இடத்துக்கு 940, மற்றபடி 850 என்பது எங்கள் பரிந்துரை. இரவில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் ஓடும் விலங்கு எந்த மலிவு கேமராவிலும் கலங்கித்தான் விழும். அதை மட்டும் வைத்துக் கேமராவைக் குறை சொல்லாதீர்கள்.

பகலில் நல்ல படம், இரவில் மட்டும் கறுப்பு என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். பகல் படத்துக்கு அது போதும். விளக்குகள் ஒன்றாக எரிய வேண்டிய நொடியில்தான் தாங்காது. ஏஏ அளவு லித்தியம் பேட்டரி விலை கூடுதல்தான், ஆனால் கடைசி வரை மின்னழுத்தத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும், குளிரையும் தாங்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிகள் 1.2 வோல்ட் என்பதால் சில கேமராக்கள் சார்ஜ் நிறைந்திருக்கும்போதே 'பேட்டரி குறைவு' என்று காட்டும். உங்கள் கேமரா அவற்றை ஏற்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.

மெமரி கார்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மலிவு கேமராக்கள் பல 32 ஜிபி வரைதான் ஏற்கும். கார்டைக் கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மூடும்போது கதவின் ரப்பர் விளிம்பில் மண்ணோ புல்லோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு துரும்பு போதும், மழைநீர் உள்ளே இறங்கிவிடும். காலையிலோ மாலையிலோ சூரியன் நேராக லென்ஸில் விழும் திசையில் கட்டாதீர்கள்.

வேட்டைக்காக வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் டிரெயில் கேமராவுக்கு வேறு விதிகள் இருக்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022 தொடக்கத்திலிருந்து வேட்டைக்கு உதவியாக இவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்திருக்கிறது. எடுத்த உடனே படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் மாடல்கள் விலங்குக்குத் தப்ப வழியே விடுவதில்லை என்ற கவலை எங்களுக்கும் உண்டு. உங்கள் பகுதியின் விதியை வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டுங்கள். விலங்குகளைப் பார்த்து மகிழ வாங்குபவர்களும் குட்டியுள்ள குகை, கூடு ஆகியவற்றின் அருகே கட்டாதீர்கள். இரவு நிலைக்கு மாறும்போது உள்ளே அகச்சிவப்பு ஒளி வடிகட்டி நகரும் 'டிக்' சத்தம் நமக்குக் கேட்காமல் போகலாம், தாய் விலங்குக்குக் கேட்கும்.

கேமராவை வாங்கிய முதல் வாரத்திலேயே இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள், மாற்றித் தருவது எங்களுக்கும் எளிது. சந்தேகம் இருந்தால் கேமராவோடு கார்டையும் அப்படியே கொண்டு வாருங்கள், எந்தப் படத்தையும் அழிக்க வேண்டாம். குச்சிகள் நட்டு எடுத்த படங்களும் அதில் இருந்தால் கோளாறு சென்சாரிலா, பேட்டரியிலா, கட்டிய இடத்திலா என்று கடையிலேயே உட்கார்ந்து பார்த்துச் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
கடை ஊழியர்கள்