வழித்துணையாய் வரும் டீசல்

கிருஷ்ணகிரி

அன்பு மகன் குமரனுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனப் பாதையில் உன் பிக்கப் வண்டியை ஓட்டிச் செல்லப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். லாரித் தொழிலிலேயே வாழ்ந்தவன் என்பதால், டீசலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாதை தொடங்கும் விலூனாவிலிருந்து முடியும் ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். இடையே குனவாரிட்ஜி என்ற சிற்றூரில் டீசல் கிடைக்கும் என்கிறார்கள். அதற்கே விலூனாவிலிருந்து கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் ஆகிறது. தார்ச்சாலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, மணல்மேடுகளில் லோ கியரில் ஏறி இறங்கும்போது 5 கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடு. அப்படியானால் 200 லிட்டர் தேவை. வழி தவறினாலும் திரும்பி வர நேர்ந்தாலும் கைகொடுக்க இன்னும் 40 லிட்டர் வேண்டும். வண்டியின் டேங்க் 80 லிட்டர் என்றால், மீதி 160 லிட்டரை நீ சுமந்துதான் செல்ல வேண்டும்.

டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 830 கிராம் எடை உள்ளது. எட்டு இரும்புக் கேன்களையும் சேர்த்தால் 160 கிலோவுக்கு மேல் போகும். இதைக் கூரையின் மேல் ஏற்றிவிடாதே. பல வண்டிகளின் கூரை ஓடும்போது 100 கிலோவைக்கூடத் தாங்காது. தாங்கினாலும் உச்சியில் பாரம் இருந்தால் மணல்மேட்டின் சரிவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். முடிந்தால் அடியில் பெரிய டேங்க் பொருத்திக்கொள். கேன்தான் என்றால், பின்தொட்டியில் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால், பட்டை போட்டு இறுக்கிக் கட்டு. மெயின் டேங்கில் 40 லிட்டருக்கு இடம் வந்ததுமே இரண்டு கேன்களை ஊற்றிவிட்டால் பாரம் கீழே இறங்கிவிடும். எந்தக் கேனாவது ஒழுகினாலும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

கேனைக் கழுத்து வரை நிரப்பாதே. 30 டிகிரி வெப்பம் ஏறினால் 20 லிட்டர் டீசல் அரை லிட்டர் அளவு விரியும். பங்க்கில் நிரப்பும்போது கேனைத் தொட்டியிலேயே வைத்திராமல் தரையில் இறக்கி வை. தொட்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கேன் இருந்தால் அதில் நிலைமின்சாரம் சேரும், அதன் பொறியில் தீப்பிடிக்கலாம். ஊற்றும்போது வலை வைத்த புனல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தூசியும் தண்ணீரும் என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டர்களைக் கெடுத்துவிடும். அந்தப் பாதையில் வளரும் ஸ்பினிஃபெக்ஸ் என்ற காய்ந்த புல் வண்டிக்கு அடியில் சைலன்சர் பக்கம் சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால், நிறுத்தும் இடத்திலெல்லாம் குனிந்து பார்த்து அதை அகற்று.

தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளைப் பற்றி நீ சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறாய். டீசல் குறைகிறது என்ற அச்சம் வந்துவிட்டால் நல்ல ஓட்டுநரும் தவறான முடிவை எடுப்பான். நீ சுமந்து செல்லும் அந்த 40 லிட்டர், அந்த அச்சம் உன்னை அண்டாமல் இருப்பதற்காகத்தான். டேங்க் வற்றும் வரை ஒருபோதும் ஓட்டாதே. டீசல் செல்லும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அந்த மணலில் நின்று பம்ப் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விலூனாவில் எத்தனை லிட்டர் பிடித்தது, குனவாரிட்ஜியில் எவ்வளவு மீதி இருந்தது என்பதை மறக்காமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா